முப்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு

ஏப்ரல் பதினேழாம் தேதி புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, முப்பத்தொரு பேர் சைக்கிள்களோடு ஹெர்ட்சம் சரளை ஏரிக்குள் இறங்கினார்கள். பத்தொன்பது நிமிடம் கழித்து எதிர்க்கரையில் நனையாமல் ஏறினார்கள். அன்று லேசான மேகம், மேற்குக் காற்று, பதினான்கு டிகிரி. அந்த இடத்தில் ஏரியின் ஆழம் பதினெட்டு மீட்டர். இறங்கியவர்களில் மிகவும் இளையவருக்கு வயது அறுபத்து மூன்று. கரையேறியதும் அவர்கள் வழக்கம்போல் கரையோரத்தில் ஓடா நடத்தும் கடையில் உட்கார்ந்து காப்பியும், பாலில் வெந்த அரிசியை அடைத்துச் சுட்ட வ்லாயும் சாப்பிட்டார்கள். ஓடாதான் முதலில் கவனித்தாள்: அவர்கள் தலைமுடியிலும் சைக்கிள் கூடைகளிலும் எல்ம் இலைகள் கிடந்தன. மாஸ் நதியின் அந்தக் கரையில் எல்ம் மரங்கள் அற்றுப்போய் நாற்பது வருடம் ஆகிறது.

குழுவில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். கடைசியாக வந்த கோட்லீவ் என்ற ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், ஷூ நாடா கட்டக் குனிந்து நிமிர்ந்தபோது முன்னால் ஏரியைப் பார்த்துவிட்டாள். அதனால் அவளால் போக முடியவில்லை. கார் ரோடு வழியாக ஏழு கிலோமீட்டர் சுற்றி, லாரிப் புகையெல்லாம் குடித்து, கடைக்கு வந்து சேர்ந்தவளுக்குக் கோபம் தாங்கவில்லை.

"தண்ணிக்குள்ள போனீங்களேய்யா! ஒருத்தராவது தலை நிமிர்ந்து பார்த்தீங்களா?"

"அம்பு நேரா காட்டுச்சு, நேரா போனோம்," என்றார் குழுத்தலைவர் தியூ. "எழுபத்தோரு வயசுல நம்பரை நம்பாம வேற யாரை நம்பச் சொல்றே?"

அந்தப் பக்கத்தில் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் வரைபடம் வைத்துக்கொள்வதில்லை. நதியோரக் காட்டிலும் பூங்காவிலும் கார் நுழையாத பாதைகள் எங்கெல்லாம் சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு கம்பம் நிற்கும், கம்பத்தில் ஓர் எண் இருக்கும். காலையில் ஒரு காகிதத் துண்டில் முப்பத்தேழு, முப்பத்தெட்டு, அறுபத்தொன்று என்று எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அம்பு திரும்பச் சொல்லும் இடத்தில் திரும்பினால், நாள் முழுக்க மரநிழலிலேயே போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். முப்பது வருடமாக இப்படி ஓட்டிப் பழகியவர்கள் நிலத்தைப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறார்கள். எண்ணைப் பார்க்காத நேரமெல்லாம் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

முப்பது முதல் எழுபது வரையிலான கம்பங்களைப் பார்த்துக்கொள்கிறவள் ரெனில்டே. சம்பளமில்லாத வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். பலகையைத் துடைப்பாள், திருகை முறுக்குவாள், அம்பை மறைக்கும் கிளையை வெட்டுவாள். அந்த வருடக் குளிர்கால வெள்ளத்தில் முப்பத்தெட்டாம் கம்பம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மார்ச்சில் ஊராட்சி ஆட்கள் புதுக் கம்பம் நட்டார்கள், கால்வட்டம் திருப்பி நட்டுவிட்டார்கள். ரெனில்டேயின் கையில் இருந்த தாளில், எந்தப் பலகை கம்பத்தின் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று படம் போட்டிருந்தது. அவள் தாளைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், இரண்டும் பொருந்துகிறதா என்று மூன்று முறை சரிபார்த்தாள். ஏரியைப் பார்க்கவில்லை. அறுபத்தொன்றின் அம்பு ரோட்டைக் காட்டாமல் தண்ணீரைக் காட்டியது.

செய்தி கேட்ட மறுநாள் காலையில் அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கன்னமெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தவறு. ஆனால் ஓட்டிப் பார்க்காத பாதையின் பலகையில் அவள் கை வைப்பதில்லை என்பது ஒரு வழக்கம். வழக்கத்தை அன்றைக்கு மட்டும் விடுவதற்கு அவளுக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தாள். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது. குளிர் முழங்கால் வரை ஏறுவதுபோல் இருந்தது, பிறகு இல்லை. அடியில் இறுகிய மண் தரை, இரண்டு சைக்கிள் அகலம். இருபுறமும் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு மேல் எல்ம், ஓக், கறுப்பு பாப்லர். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். வலப்பக்கம் நதியின் பழைய கிளை ஒன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாங்குயில் கூவியது. ரோட்டுச் சத்தம், படகு மோட்டார் சத்தம், ஆகாய விமானச் சத்தம் எதுவுமே இல்லை. தன் சங்கிலி ஓடும் சத்தம் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பாதி வழியில் உச்சிக் கிளைகளுக்கு மேல் ஒரு நீண்ட நிழல் நகர்ந்துபோனது. அது பாய்மரப் படகின் அடிப்பாகம். அவள் பயந்து மணியடித்தாள். படகில் இருந்தவர் சாயங்காலம் ஓடாவின் கடையில், தண்ணீருக்கு அடியில் யாரோ சைக்கிள் மணி அடித்ததாகவும் தாமே ஒதுங்கி வழிவிட்டதாகவும் சொன்னார்.

ஏரியின் குறுக்களவு தொள்ளாயிரம் மீட்டர். அவள் சைக்கிளின் மீட்டர் மூன்று புள்ளி எட்டு கிலோமீட்டர் காட்டியது. மறுகரையில் வெயிலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, அறிக்கைத் தாளை எடுத்து எழுதினாள்: "38–61. ஓட்டிப் பார்த்தேன். தரை காய்ந்திருக்கிறது. நிழல் நன்று." ஸ்பேனர் பையிலேயே இருந்தது.

வீட்டில் கணவன் லாம்பெர்ட்டிடம் சொன்னபோது அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கத்தி நின்றது. அவன் அந்த ஏரியை வெட்டியவன். இருபத்தாறு வருடம் சரளை அள்ளும் மிதவையில் இயந்திரம் ஓட்டினான். முதலில் மரம், பிறகு மேல்மண், பிறகு பதினெட்டு மீட்டர் சரளை. ஏரி இருக்கும் இடத்தில் ஒரு காடு இருந்தது என்பதை ஊரில் பலர் மறந்திருந்தார்கள். அவன் மறக்கவில்லை, பேசவும் இல்லை. அவன் வெட்டிய சரளையில்தான் அந்த ரோடு, அந்தப் பள்ளிக்கூடம், அவர்கள் வீட்டுத் தரை எல்லாம்.

"எல்ம் மரமா? நல்லா பார்த்தியா?"

"இலை ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு. எல்ம்தான்."

"ஞாயித்துக்கிழமை போவோம்," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இரண்டு பேர் மிதிக்கும் ஒரே சைக்கிளில்தான் போவார்கள். முன்னால் ரெனில்டே, அவளிடம்தான் எண்கள் இருக்கும். பின்னால் லாம்பெர்ட், அவனிடம் கால் பலம். அந்த ஞாயிறும் அப்படியே போனார்கள். முன்சக்கரம் மண்ணில் ஏறியது. ரெனில்டே காட்டுப் பூண்டின் மணத்தை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பினாள். சைக்கிளின் பின்பாதியிலிருந்து தண்ணீர் சொட்டியது, இருக்கையில் ஆள் இல்லை. ஓக் மரங்களுக்கு நடுவில் எங்கிருந்தோ அவன் இருமுவது மட்டும் கேட்டது. அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் மார்பளவு தண்ணீரில், தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றான்.

அந்தக் கோடையில் அவன் எட்டு முறை முயன்றான். தனியாக ஒரு முறை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, தியூவின் குழுவுக்கு நடுவில் புகுந்து ஒரு முறை. சுற்றிலும் எல்லோரும் மண்ணில் போய்க்கொண்டிருக்க அவன் மட்டும் தண்ணீரில் விழுந்தான். ஓடா கடைக்குப் பின்னால் அவனுக்கென்று ஒரு துண்டும் ஒரு கால்சட்டையும் எடுத்து வைத்தாள்.

"என்னப்பா லாம்பெர்ட், இன்னிக்கும் குளிச்சாச்சா? அடுத்த தடவை சோப்பு தர்றேன், கையோட கொண்டு போ."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எட்டாவது முறைக்குப் பிறகு சிரிக்கவில்லை. சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான். ரெனில்டே பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஷூவில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"என்னை அடையாளம் தெரியுது அதுக்கு," என்றான்.

"காட்டுக்குக் கண்ணா இருக்கு? நீ ஆழத்தை நினைச்சுக்கிட்டே போறே, அதான் விழறே."

"ஆழம் எனக்குத் தெரியும். எப்படி நினைக்காம இருப்பேன்? கடைசி எல்ம் விழுந்தப்போ நான் சீட்ல உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டு இருந்தேன் ரெனில்டே. மத்தியான சாப்பாட்டு நேரம். தின்னு முடிச்சுட்டு, விழுந்து கிடந்ததை ஓரமா தள்ளிவிட்டேன்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சைக்கிள் எடுக்கவில்லை. ரெனில்டே புதன்கிழமைகளில் மட்டும், வேலை என்பதால், தனியாகப் போய் வந்தாள். அவள் திரும்பும் நேரத்துக்கு அவன் வாசற்கதவைத் திறந்து வைத்திருப்பான். அவள் தலையில் ஒட்டியிருக்கும் இலையை எடுப்பான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். பிறகு கேட்பான்.

"முதல் வளைவு தாண்டி மூணு ஓக் நிக்குதா?"

"நிக்குது."

"நடுவுல இருக்கறது ஆத்துப் பக்கம் சாஞ்சிருக்குமே."

"சாஞ்சிருக்கு."

"அதுல ஒரு பொந்து. ஆந்தை இருக்கும்."

"அடுத்த வாரம் பார்த்துட்டு வர்றேன்."

வெட்டியவன் என்பதால் ஒவ்வொரு மரமும் அவனுக்கு நினைவிருந்தது. அவற்றை வெட்டுவதற்கு முன்பு, எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துகொள்வதற்காக, ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்திருந்தான். காட்டுக்குள் ஒரு முறைகூடப் போகாமல், போய் வருகிற எல்லோரையும்விட அதிகமாக அதைப் பற்றிச் சொல்ல ஊரில் அவன் ஒருவனால்தான் முடிந்தது. ரெனில்டேக்குப் புதன்கிழமைகள் பாரமாகிவிட்டன. ஒவ்வொரு முறையும் காட்டின் அழகு கூடிக்கொண்டே போனது, ஒவ்வொரு முறையும் பின்னிருக்கை காலியாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அவள் ஓட்டியது ஒற்றைச் சைக்கிள்தான்.

ஆகஸ்டுக்குள் அந்தப் பாதையில் மூவாயிரம் பேர் போய்வந்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், நதிக்கு அந்தப் பக்கம் ஹாலந்திலிருந்தும் வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாய்க்கு மட்டும் உண்ணி ஒட்டியது. செப்டம்பர் முதல் வாரம் பாதை அலுவலகத்திலிருந்து யோரிஸ் என்ற அதிகாரி வந்தார். முப்பது வயது, இஸ்திரி போட்ட மழைக்கோட்டு. தாமே ஓட்டிப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து ஓடாவின் கடையில் உட்கார்ந்தார், காப்பியை ஆற விட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லைங்க," என்றார் ரெனில்டேயிடம். "பாதையில ஒரு குறையும் இல்லை. ஆனா பலகை தப்பு."

"பலகை சொல்றபடிதானே பாதை இருக்கு?"

"படத்துல அம்பு ரோட்டுப் பக்கம். தவறா மாட்டின பலகையைத் திருத்தணும்னு விதி. மாட்டினவங்கதான் கழட்டணும், அதுவும் விதி. மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

தப்பு தன்னுடையது என்பதால் ரெனில்டேயால் வாதாட முடியவில்லை. முப்பதாம் தேதி காலையில் அவள் காட்டுக்குள் கடைசியாகப் போய், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தாள். ஆந்தை பொந்தில் இருந்தது. எல்ம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. வெளியே வந்து ஏணியில் ஏறினாள், லாம்பெர்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டான். நாலு திருகு. நாலாவது கழன்றபோது, அதுவரை ஏரியின் மேல் எப்போதும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த இலைச் சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஓடா கடைக்குள்ளிருந்து வெளியே வந்து பார்த்தாள். தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. ரெனில்டே பலகையை ரோட்டுப் பக்கம் திருப்பி மாட்டினாள்.

ஐந்து நாள் எல்லோரும் ரோட்டில் சுற்றிப் போனார்கள். சிலர் கம்பத்தருகே இறங்கி நின்று ஏரியையே பார்த்தார்கள். ஆறாம் நாள் ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்ததும் லாம்பெர்ட் கை கழுவிக்கொண்டு கேட்டான்.

"ஸ்பேனர் எங்கே?"

"எதுக்கு?"

"பலகையைத் திருப்பி வைக்கப் போறேன்."

"லாம்பெர்ட், அது தப்புன்னு எழுத்துல குடுத்திருக்காங்க."

"நீ போட்டதுதான் தப்பு. உனக்குத் தெரியாம நடந்தது. எனக்கு அங்க எவ்வளவு ஆழம்னு தெரியும், என்ன இருந்துச்சுன்னு தெரியும், யார் எடுத்தாங்கன்னு தெரியும். நான் தெரிஞ்சே போடறேன்."

கம்பத்தின் முன்னால் அவன் ரொம்ப நேரம் நின்றான். தாளைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தான், அதன் அகலம் முழுவதையும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பிறகு ஏணியில் ஏறி, பலகையைக் கழற்றி, அம்பைத் தண்ணீர் பக்கம் வைத்து, நாலு திருகையும் இறுக முறுக்கினான். கீழே இறங்கினான். இலைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ரெனில்டே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், ஒன்றும் இல்லை.

"ஏறு," என்றான் அவன். "இன்னிக்கு நான் முன்னால."

இரட்டைச் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. இத்தனை வருடம் லாம்பெர்ட் பார்த்தது இதைத்தான் என்பது ரெனில்டேக்கு அப்போதுதான் உறைத்தது. சக்கரம் தண்ணீரில் இறங்கியது. கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. இடுப்பு வரை வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. சங்கிலி தண்ணீரில் கனமாகச் சுழன்றது, அவன் தோள்கள் ஏறி இறங்கின. கழுத்து வரை வந்தது. தனக்கு நீச்சல் தெரியாது என்று நாற்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட அவனிடம் சொல்லவில்லையே என்று அவள் நினைத்தாள். அப்போது சைக்கிள் ஒரு குலுக்கு குலுக்கியது. பின்சக்கரம் ஒரு வேரின் மேல் ஏறி இறங்கியது.

இருவர் உடம்பிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கால் ஊன்றி நின்றான். முன்பு அவள் பார்த்த காடு வசந்த காலக் காடு, கோடைக் காடு. இப்போது அக்டோபர். மேலே கூரை முழுவதும் பொன்னாகியிருந்தது. வெளிச்சம் இலைகளிலிருந்தே வருவதுபோல் கீழே இறங்கியது. பாதை தெரியாத அளவுக்கு இலை கொட்டியிருந்தது. பழைய நதிக்கிளையின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. லாம்பெர்ட் எந்த மரத்தையும் தொடவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான், அவள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றான். ஒவ்வொன்றிடமும், மெதுவாக, தன் பெயரைச் சொன்னான். "லாம்பெர்ட்." அடுத்ததிடம், "லாம்பெர்ட்." அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. எத்தனை மரம் என்று ரெனில்டே எண்ணத் தொடங்கி இருநூற்றுப் பத்தோடு விட்டுவிட்டாள். மற்றவர்களுக்குப் பத்தொன்பது நிமிடம் பிடிக்கும் பாதை அவர்களுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. கடைசி எல்மின் கீழே அவன் பெயரைச் சொன்னபோது காற்று இல்லாமலே ஒரு கிளை அசைந்தது, இலைகள் அவன் தோளிலும் முதுகிலும் தொடர்ந்து விழுந்தன. விழுந்து முடியும் வரை அவன் நின்றான்.

மறுகரையில் அவர்கள் ஏறியபோது துணிகள் காய்ந்திருந்தன. ஓடா துண்டோடு காத்திருந்தவள், அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு துண்டை மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

அடுத்த வாரம் யோரிஸ் வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இதை யார் மாட்டினது?"

"நான்," என்றான் லாம்பெர்ட்.

"தவறுதலாவா?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

யோரிஸின் முகம் மலர்ந்தது. "தவறா மாட்டினா நான் கழட்டச் சொல்லணும். தெரிஞ்சு மாட்டினா அது புதுப் பாதைக்கான கோரிக்கை. அதுக்குத் தனிப் படிவம் இருக்குங்க, நீலக் கலர். பேனா வெச்சிருக்கீங்களா?"

படிவத்தில், தரையின் தன்மை, நிழல், மரங்களின் வகை, பராமரிக்கப்போகிறவர் பெயர் என்று நாலு கட்டங்கள் இருந்தன. மூன்றாவது கட்டத்துக்கு இடம் போதாமல் லாம்பெர்ட் பின்பக்கமும் எழுதினான். அடுத்த வருட வரைபடத்தில் ஏரியின் நீலத்துக்குக் குறுக்கே ஒரு பச்சைக் கோடு அச்சானது. யாரும் கடிதம் எழுதி விளக்கம் கேட்கவில்லை. பாய்மரப் படகுச் சங்கம் மட்டும், சைக்கிள்காரர்கள் வளைவுகளில் மணியடித்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டது. புயல் அடித்த மறுநாள்களில் லாம்பெர்ட் ரம்பத்தோடு உள்ளே போய், பாதையில் விழுந்த கிளைகளை ஓரமாக அடுக்கிவிட்டு வருகிறான். அந்த நாள்களில் முப்பத்தெட்டாம் கம்பத்தில் ஓர் அட்டை தொங்கும்: கிளை அகற்றும் வேலை நடக்கிறது, பத்து மணிக்குத் திறக்கும்.